காண்டா கம்பில் மூன்று பேனா

மரத்தில் பேனா செய்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் மரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். தேக்கா, மெர்பாவா, பால்மரத்திலும் செய்யலாமா, எங்கே வாங்குகிறீர்கள் என்று. லேத் சுற்றும்போது பயமாக இருக்காதா என்பது அடுத்த கேள்வி. பசையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் பழுதாகி என் மேசைக்கு வந்து சேரும் பேனாக்களில் பெரும்பாலும் மரத்துக்கு ஒரு குறையும் இருக்காது. கைவிட்டது பசையாகத்தான் இருக்கும்.

மரப்பேனா என்றால் முழுவதும் மரம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. மெல்லிய பேனாவுக்கு 7 மில்லிமீட்டர் குழாய். ஒரு மரத்துண்டை நீளவாக்கில் துளைத்து, அதற்குள் குழாயைச் செருகி ஒட்டி, பசை இறுகிய பிறகு லேத்தில் மாட்டிக் கடைய வேண்டும். 'கடைசல்' என்று நம் மொழியில் அழகான பழைய சொல் இருக்கிறது. கடைசல் முடிந்ததும் முனை, கிளிப், சுழற்றும் பாகம் எல்லாம் அந்தக் குழாய்க்குள் அழுத்திப் பொருத்தப்படும். பேனாவின் விளிம்பருகே குழாயின்மேல் மிஞ்சும் மரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது வெறும் தோல். அந்தத் தோலை எலும்போடு பிடித்து வைத்திருப்பது பசை மட்டும்தான். நிமிடத்துக்கு 2,000, 3,000 சுற்று சுற்றும்போது உளியின் இழுப்பையும் அதே பசைதான் தாங்க வேண்டும்.

இத்தனை காலம் இதை ஒரு தொழில்நுட்ப விஷயமாக மட்டுமே பார்த்து வந்தேன். ஒரு காண்டா கம்பு வந்து அதை மாற்றியது.

ஒலிபரப்பில் ஒருநாள் பேச்சுவாக்கில் என் பேனா வேலையைச் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேராக் பக்கத்திலிருந்து ஓர் அக்கா நிலையத்துக்கு அழைத்தார். இரண்டு வாரம் கழித்து நேரிலேயே வந்துவிட்டார். கையில் பழைய சாரோங்கில் சுற்றிய ஒரு கம்பு. அவருடைய அம்மா தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், இரண்டு பக்கமும் காண்டா வாளியை மாட்டித் தோளில் சுமந்த கம்பு. அம்மா போன வருடம் தவறிவிட்டார். தோட்டம் அதற்கும் முன்பே போய்விட்டது. லயத்து வீட்டைக் காலி செய்தபோது கம்பின் ஒரு பக்கத்தைக் கரையான் தின்றிருந்ததாம். இன்னொரு பக்கம் நீளமாக வெடித்திருந்தது. நடுவில், தோள் பட்ட இடத்தில், மரம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது.

அவர்கள் மூன்று பேர். அக்கா, ஈப்போவில் ஒரு தங்கை, பெர்த்தில் ஒரு தம்பி. ஆளுக்கொரு பேனா வேண்டும்.

"வேற கம்பு இல்ல தம்பி. பார்த்துச் செய்ங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தேன். நல்ல மரம் ஒன்றரை அடி. ஒரு பேனாவுக்கு இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டே கால் அங்குலம். மூன்று பேனாவுக்கு ஆறு துண்டு. ரம்பம் தின்னும் அளவையும் கழித்தால் பரிசோதனைக்கு மிஞ்சுவது சற்றுக் குட்டையான இரண்டே துண்டு. கடையில் வாங்கிய மரத்தில் பசை விட்டுப்போனால் இன்னொரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். இதில் அது முடியாது.

முதலில் சூப்பர் குளூவைப் பார்ப்போம். பேனா செய்கிறவர்களில் பலர் இதைத்தான் எடுக்கிறார்கள். பசார் மாலாமில்கூடக் கிடைக்கும், கலக்க வேண்டியதில்லை, உடனே பிடிக்கும். இதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரும் உடனிருந்தவர்களும் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது கைக்கு வந்த பொருள். தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியதால் அதை ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் வேறொரு ஆய்வில் மறுபடியும் அதே தொல்லை வந்தபோதுதான், இந்தத் தொல்லையையே விற்கலாமே என்று தோன்றியிருக்கிறது. 1958-ல் கடைக்கு வந்தது.

இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரம் பட்டதும் இறுகுகிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் 'குழாயை மெதுவாகச் சுழற்றிச் செருகவும்' என்று நிம்மதியாக எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊர்க் காற்று வேறு. நம் நாட்டில் ஈரப்பதம் சர்வ சாதாரணமாக 70 முதல் 90 விழுக்காடு. இங்கே மெதுவாகச் சுழற்றினால் குழாய் பாதி வழியில் நின்றுவிடும். பிறகு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்றாலே எங்களுக்கு வியர்த்துவிடும். சூப்பர் குளூ சில நேரம் அந்த மூன்று விநாடியைக்கூடத் தராது.

தண்ணீர் மாதிரி ஓடுவது, நடுத்தரம், கெட்டி என்று மூன்று வகையில் வருகிறது. குழாய் ஒட்ட கெட்டியானது ஓரளவு அவகாசம் தரும். திறந்த புட்டி சீக்கிரம் கெட்டுப்போவதற்கும் அதே ஈரம்தான் காரணம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம், ஆனால் எடுத்தவுடன் திறக்கக்கூடாது. சில்லென்ற புட்டிக்குள் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இன்னொன்று, சிந்தினால் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும், கையைச் சுட்டுவிடும். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

இறுகிய சூப்பர் குளூ கண்ணாடி போன்றது. நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். கீழே விழுந்தால், அதிர்ந்தால், ஓரத்திலிருந்து உரிந்தால் தாங்காது. அத்தோடு, மரம் அசையும், பித்தளை அசையாது என்பது ஒரு பிரச்சினை. காற்றில் ஈரம் கூடினால் மரம் குறுக்குவாட்டில் உப்பும், குறைந்தால் சுருங்கும். 33 டிகிரி வெயிலில் நிற்கும் காடியிலிருந்து இறங்கி, எங்கள் ஒலிப்பதிவு அறையின் ஏர்கோனுக்குள் ஒரு மரப்பேனா நுழையும்போது அதன் மரத்தோல் பித்தளையை இறுக்கிப் பிடிக்கப் பார்க்கிறது. பசை இல்லாத இடம் எங்காவது இருந்தால் அங்கேதான் முதல் வெடிப்பு விழும். பெர்த்தில் கோடைக்காலம் வறண்ட காலம். அக்காவின் தம்பிக்குப் போகும் பேனாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

அடுத்தது எப்போக்ஸி. இரண்டு டியூப்பில் வரும், சம அளவில் கலக்க வேண்டும். இதற்கு ஈரம் தேவையில்லை. இரண்டு பாகமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுகின்றன, இறுகும்போது அதிகம் சுருங்குவதும் இல்லை. துளைக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ஐந்து நிமிட வகையும் உண்டு, ஒருநாள் எடுத்துக்கொள்ளும் வகையும் உண்டு. அவசரக்காரர்கள் ஐந்து நிமிடத்தை எடுப்பார்கள். பொதுவாக மெதுவாக இறுகுவதுதான் உறுதி, சூட்டையும் அதுதான் கூடுதலாகத் தாங்கும். சக ஊழியர் ஒருவர் வேறெங்கோ வாங்கிய பேனாவைக் காடியின் முகப்பில் வெயிலில் விட்டுவிட்டு, 'மரம் தனியாகச் சுத்துது' என்று கொண்டுவந்து காட்டினார். உள்ளே இருந்தது ஐந்து நிமிட எப்போக்ஸி. மூடிய காடியின் முகப்புப் பலகை மத்தியான வெயிலில் 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் அது ரப்பர் மாதிரி இளகிவிடும்.

வெள்ளைப் பசையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்தோடு மரத்தை ஒட்ட அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதிலுள்ள தண்ணீர் மரத்துக்குள் இறங்கினால்தான் இறுகும், பித்தளை தண்ணீரைக் குடிக்காது. பாலியூரித்தேன் பசை நுரைத்துப் பெருகும். குழாய்க்குள் புகுந்து இறுகிவிட்டால் அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை. சிலர் அதைத்தான் விரும்புகிறார்கள், விரும்பட்டும்.

எந்தப் பசையாக இருந்தாலும் வாங்கும்போதே நல்லதா கெட்டதா என்று முடிவு செய்துவிட முடியாது. விட்டுப்போன மூட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். பேனா பழுதானால் நிறையப் பேர் அவசர அவசரமாக இன்னொரு சொட்டுப் பசை விட்டு அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் காரணமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பசை எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பித்தளை பளபளவென்று சுத்தமாக வந்து, பசை முழுவதும் மரத்தில் தங்கியிருந்தால், குழாயைச் சொரசொரப்பாகத் தேய்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பசை முழுவதும் பித்தளையில் ஒட்டிக்கொண்டு மரம் வெறுமையாக இருந்தால், மரத்தில் எண்ணெயோ தூசியோ இருந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கோடுபோல் பசை இருந்தால், செருகும்போது துளையின் வாய் பசையை வழித்துவிட்டது. இரண்டு பக்கமும் பசை கிழிந்து நின்றால்தான் பசையையே சந்தேகப்பட வேண்டும். கலந்த அளவு தவறியிருக்கலாம், பழைய புட்டியாக இருக்கலாம், சூடு ஏறியிருக்கலாம்.

அந்த இரண்டு பரிசோதனைத் துண்டுகளையும் இதற்காகவே பலி கொடுத்தேன். துளைக்கும்போதே ஒன்று தெரிந்தது. மரத்தூள் காய்ந்த பொடியாக உதிராமல் விரலில் ஒட்டியது. காரல் அடித்த தேங்காய் எண்ணெய் வாசம். அக்காவுக்கு அழைத்துக் கேட்டேன்.

"ஆமா தம்பி, அம்மா வாராவாரம் கம்புக்கு எண்ணெய் தடவுவாங்க. இல்லன்னா வெடிச்சுப் போயிடும், தோளை அறுக்கும்னு சொல்வாங்க."

எத்தனை வருடம் என்று கேட்டேன். அவர் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே என்றார். அந்த எண்ணெய் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

முதல் துண்டில் கெட்டி சூப்பர் குளூ. எதிர்பார்த்தபடி குழாய் முக்கால் பங்கு போனதும் நின்றுவிட்டது. அதைக் கணக்கிலிருந்து எடுத்தாகிவிட்டது. இரண்டாவது துண்டில் மெதுவான எப்போக்ஸி. குழாயை மணல்தாளில் தேய்த்திருந்தேன், மரத்தை மட்டும் வேண்டுமென்றே அப்படியே விட்டேன். ஒருநாள் கழித்து உளியை வைத்து நீளவாக்கில் பிளந்தேன். கரும்புத் தோல் மாதிரி மரம் உரிந்து வந்தது. குழாய் முழுக்கப் பசை, மரத்தின் உட்பக்கம் ஈரம் போலப் பளபளப்பு. எண்ணெய்தான்.

எண்ணெய் மரத்துக்கு வைத்தியம் அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வாங்கி வராதீர்கள். கை காயாமலிருக்க அதில் எண்ணெய்ப் பொருளும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், நாம் எடுக்கப் பார்ப்பதையே திரும்பப் பூசிவிடுவோம். ஃபைபர் கிளாஸ் வேலைக்குப் பொருள் விற்கும் கடையில் சுத்தமான அசிட்டோன் கிடைக்கும். அதைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துளைக்குள் விட்டுத் துடைக்க வேண்டும். குச்சி பழுப்பாக வரும். அடுத்த குச்சி, அடுத்த குச்சி, நிறம் வராதவரை. அசிட்டோன் பறந்ததும் தாமதிக்காமல் ஒட்டிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடியும் மேலே ஊறிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பைவிட்டுத் தள்ளி இதைச் செய்யுங்கள். ஒரு பொறி போதும்.

முழுத்துண்டு எதுவும் மிஞ்சவில்லை. கரையான் தின்ற முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு நல்ல மரம் இருந்தது. அதைச் சீவி, அசிட்டோனில் துடைத்து, பழைய குழாய்த் துண்டில் ஒட்டிவைத்தேன். மறுநாள் குறடால் பிய்த்தபோது மரநார் கிழிந்து பித்தளையோடு நின்றது. பசைக்கு முன்னால் மரம் கிழிந்தால் அந்த மூட்டைப் பற்றி மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை.

ஆறு துண்டையும் துளைத்து ஆறவிட்டேன். துளைத்த சூட்டோடு ஒட்டக்கூடாது, ஆறும்போது துளையின் அளவு மாறும். பிறகு சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்தேன். எடை குறைவது நின்றதும் வெளியே எடுத்தேன். குழாயின் வாயை உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு குத்துக் குத்தினால் நல்ல அடைப்பானாகிவிடும், பசை உள்ளே போகாது. சத்தே குச்சியால் துளைச்சுவர் முழுக்கப் பசை தடவி, குழாயிலும் தடவி, திருகிக்கொண்டே செருகினேன். எப்போக்ஸி அவசரப்படுத்தவில்லை. கலந்த தட்டில் மிஞ்சிய பசையை எறியாமல் வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் பசையை நகத்தால் அழுத்திப் பார்க்க முடியாது, தட்டில் இருப்பதைப் பார்க்கலாம். சில நாள் மேலே லேசாகப் பிசுபிசுக்கும், அது ஈரக்காற்றின் வேலை. துடைத்துவிட்டு நகம் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் இரண்டு நாள் விட்டேன்.

கடையும்போது காதைத் தீட்டிக்கொள்வேன். முழுதாக ஒட்டிய மரம் ஒரே சீராக 'சர்ர்' என்று உரியும். பசை இல்லாத இடம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஐந்து துண்டு சீராக வந்தது. ஆறாவது, தோள் பட்ட நடுப்பகுதியிலிருந்து எடுத்தது, டிக் என்றது. லேத்தை நிறுத்திப் பார்த்தேன். ஓரத்தில், பழைய வெடிப்பு ஒன்று குழாயைச் சந்திக்கும் இடத்தில், முடியளவு இடைவெளி.

அங்கே காப்பாற்றியது நான் கணக்கிலிருந்து எடுத்த சூப்பர் குளூதான். கெட்டி இல்லை, தண்ணீர் போல ஓடும் வகை. மூட்டில் ஒரு சொட்டு வைத்ததும் இடைவெளிக்குள் தானாக உறிஞ்சிக்கொண்டு ஓடியது. இறுகும்வரை காத்திருந்து, உளியை மறுபடி கூராக்கி, மிக மெல்லியதாகக் கடைந்தேன். டிக் சத்தம் வரவில்லை. வழவழப்பாக்கும்போதும் விட்டு விட்டுத்தான் மணல்தாள் போட்டேன், உரசும் சூடும் பசைக்கு ஆகாது.

அக்கா வந்து பார்த்தார். மூன்று பேனாவையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தோள் பட்ட இடம் எது தம்பி?" என்றார். அந்த ஆறாவது துண்டு இருக்கும் பேனாவைக் காட்டினேன். அதில் பசை போட்ட கதையையும் மறைக்காமல் சொன்னேன். "இதுதான் தம்பிக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வறண்ட ஊருக்குப் போக வேண்டியது மற்ற இரண்டில் ஒன்று என்று மனதுக்குள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தேன். மரம் சுருங்குவதையும் வெடிப்பையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கடைசிப் பிள்ளைய முதுகுல கட்டிக்கிட்டுத்தான் அம்மா வாளி தூக்குனாங்க. அவனுக்குத்தான்."

தம்பி தீபாவளிக்குத்தான் வருகிறாராம். அதுவரை அந்தப் பேனாவை நானே வைத்திருக்கட்டுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒலிப்பதிவு அறையில், ஏர்கோன் நேராக அடிக்கும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரவில் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், காலையில் மறுபடியும் குளிருக்குள். வெடிப்பதாக இருந்தால் இங்கேயே, சூப்பர் குளூ புட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே வெடிக்கட்டும். ஆறு வாரம் ஆகிவிட்டது. பாட்டு ஓடும் நேரத்தில் அந்த மூட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். இதுவரை நகம் தட்டவில்லை.